பொடியெழுத்து

மஞ்சள் மண்டிக்குப் பின்சந்தில்
எங்கள் அச்சகம். தும்மினால் மஞ்சள், துடைத்தால் மை.
கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி
எல்லாம் நான்தான் கோர்ப்பது.
கார்த்திகை முடிந்தால் சபைக்கு வாக்குத்தத்த அட்டை,
முந்நூற்றைம்பது, உள்ளங்கையில் பாதி அளவு.
வருசப் பிறப்பு ராத்திரி தட்டில் கவிழ்த்து வைப்பார்கள்.
கண்மூடி எடுத்தது எதுவோ
அதுதான் அந்த வருசத்துக்கு.

போன வருசம் செயலாளர் தேவசித்தம்
மேசைமேல் குனிந்து சொன்னார்:
"ஏனுங் ரூபாவதி, முன்னால இருக்கிற ரெண்டு வரிய எடுத்துப் போடுங்.
எடமும் பத்தாது.
சனம் சந்தோசமா எடுத்துட்டுப் போகோணுமல்லங்?"

எடுத்தேன்.
செவிகொடுத்தால் என்பது போனது.
போன இடத்தில் மூன்று புள்ளி வைத்தேன்.
புள்ளி அசிங்கமாக இருந்தது. அதையும் எடுத்தேன்.
மீதி நின்றது:
தலையாவாய், வாலாக மாட்டாய்.
சிவப்பில். ஓரத்தில் ரோஜாப்பூ.

ஆல்.
இரண்டே எழுத்து.
ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்றால்
இந்த ஆல் சொல்லுக்கு உறுதி என்று
எனக்குத் தெரியாமல் இல்லை.
விழுதை வெட்டி எறிந்துவிட்டு
நிழலை மட்டும் விற்றேன்,
அட்டைக்கு ஒன்றேகால் ரூபாய்.

அந்த அட்டையை எடுத்தவர்
வீரப்பன்சத்திரத்து எசேக்கியேல். நாலு தறிக்காரர்.
தறிச்சட்டத்திலேயே ஒட்டி வைத்தார்.
தையில் வட்டிக்கு வாங்கி இன்னும் எட்டுத் தறி.
ஆடியில் நூல் விலை ஏறியது.
ஐப்பசியில் பழைய இரும்புக்காரன்
எட்டையும் நாலையும் சேர்த்தே எடை போட்டான்.

அவர் செவிகொடுத்தாரா, எனக்குத் தெரியாது.
கொடுத்திருந்தாலும் நூல் விலை ஏறியிருக்கும்.
ஆனால் கொடுக்கச் சொல்லி
அட்டையில் ஒரு வார்த்தையும் இல்லை.

என்னை அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வெட்டினது நான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?
கர்த்தரைத்தான் சொன்னார்,
டீக்கடையில், நாலு பேர் கேட்க:
"சொன்னாரு, செய்யலைங்."
டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.
சொல்லாத சொல்லுக்கு
அவர் கூண்டில் நிற்கிறார்.
பொய்ச்சாட்சி எழுதிக் கொடுத்தவள்
பிழைதிருத்தப் பேனாவோடு இங்கே.

இந்த வருசம் ஒரு வரியும் வெட்டவில்லை.
ரோஜாவை எடுத்தேன். எழுத்தை ஆறரைக்கு இறக்கினேன்.
தேவசித்தம் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி,
"எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுங்" என்றார்.
"எறும்பாவே இருக்கட்டுங்.
காலு ஆறும் இருக்குதல்லங்."
கொஞ்ச நேரம் பார்த்தார்.
அப்புறம் முன்பணத்தை எண்ணி வைத்தார்,
போன வருசத்தைவிட ஐம்பது குறைச்சல்.

பன்னிரண்டு மணி அடித்தது.
டியூப்லைட்டுக்கு நேராகக் கையை நீட்டி நீட்டி
அட்டையைத் தூரப் பிடித்துப் படித்தார்கள்.
யாரோ ஒரு பொம்பளை பேரனைக் கூப்பிட்டு
"முன்னால என்னமோ இருக்குதே, அதப் படி மொதல்ல" என்றாள்.
எசேக்கியேல் வரவில்லை.

நானும் ஒன்றை எடுத்தேன்.
கோர்த்தவளுக்குப் படிக்க வேண்டியதில்லை;
நீளத்தைப் பார்த்தாலே தெரியும்.
ஆனாலும் படித்தேன்.
மன்னித்தால் என்று ஆரம்பித்தது.

குன்னத்தூரில் என் தம்பி.
பாகம் பிரித்த அன்று கிணற்று மேட்டில்
அவன் சொன்ன ஒரு வார்த்தை;
நாலு வருசமாக அதை மட்டும்
எழுத்துப் பிசகாமல் வைத்திருக்கிறேன்.

ஸ்கூட்டரில் உட்கார்ந்து அவன் நம்பரைத் தேடி எடுத்தேன்.
ஒன்றேமுக்கால் மணி. தூங்கியிருப்பான்.
விடிந்ததும் கூப்பிட்டேன் என்று
இந்த இடத்தில் எழுதினால்
அழகாகத்தான் இருக்கும்.

இன்றைக்குத் தை மூன்று.
இன்னும் கூப்பிடவில்லை.